வெளியே தெரியாத தலைக்காயம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

குமுளி மலைப்பாதையில் இருசக்கர வாகனத்திலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட என் அண்ணன், ஏலத்தோட்டத்தில் இருபது ஆண்டுகள் கூலிக் கணக்கு எழுதியவர். கை கால்கள் நன்றாக இருக்கின்றன, பேச்சும் தெளிவு என்பதால், பார்ப்பவர்கள் எல்லாரும் குணமாகிவிட்டது என்கிறார்கள். ஆனால் அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலுக்கு வந்தால் பாலை மறந்துவிடுகிறார். நான்கு பேருக்கான கூலியைக் கூட்டத் தொடங்கி, மூன்றாவது பெயரிலேயே பேனாவை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்கிறார். பழைய நினைவுகள் அப்படியே இருக்க, காலையில் நடந்தது மாலையில் நினைவில் இருப்பதில்லை.

இது சோம்பலோ பிடிவாதமோ அல்ல. திட்டமிடுவதிலும் கோபத்தை அடக்குவதிலும் மூளையின் முன்மடலுக்குப் பெரும் பங்குண்டு. புதிய நினைவுகள் பதிய ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி வேண்டும். தலை வேகமாகக் குலுங்கும்போது நரம்பிழைகள் ஆங்காங்கே சேதமடைந்தாலும், சிடி ஸ்கேனில் அது தெரியாமலே போகலாம். எங்களை வீட்டுக்கு அனுப்பிய மருத்துவமனையில் இதை ஒருவரும் விளக்காததால், பல மாதங்கள் அவரைத் திட்டிக்கொண்டிருந்தோம். அதை நினைத்தால் இன்றும் மனம் பதறுகிறது.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிட்டபோதும், மூளைக்காயத்தைத் தனியாகப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. அதைச் சேர்க்க வேண்டும். நினைவாற்றலுக்கும் கவனத்துக்குமான பயிற்சி, மலையடிவார அரசு மருத்துவமனைகளிலும் கிடைக்க வேண்டும். சுவரில் எழுதி ஒட்டிய வேலைப்பட்டியலும் கைபேசி அலாரமும் இருப்பதால்தான் அண்ணன் இப்போது மாத்திரைகளைத் தாமே எடுத்துக்கொள்கிறார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, கம்பம்