மலர் வேண்டாம், கீழ்த்தள அறை வேண்டும்

நூலக நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். மூத்தோர் எழுத்துக் குழு தொடங்கி ஆறு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் ஆண்டு மலர் எப்போது, பரிசுப் போட்டி எப்போது என்று கேட்கிறீர்கள். இரண்டும் இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லத்தான் இந்த மடல்.

வருகிறவர்கள் எல்லோரும் அறுபதைத் தாண்டியவர்கள். பலர் கடைசியாக எழுதியது விடுப்புக் கடிதமாகவோ வங்கிப் படிவமாகவோ இருக்கும். கதை வராதே என்பதல்ல அவர்களுடைய பயம். ஒற்று விட்டுப்போகும், ர-ற மாறிப்போகும், யாராவது சிரிப்பார்கள். அச்சு என்றதும் அந்தப் பயம் இரட்டிப்பாகிறது. மலர் பேச்சு எழுந்த அடுத்த வாரம் இருவர் வரவில்லை.

ஒரு அம்மா முதல் மூன்று வாரம் நோட்டைத் திறக்கவே இல்லை. "எழுத எங்கிட்ட என்ன இருக்கு?" என்பார். நான்காம் வாரம் மேசையில் ஒரு பழைய சாவியை வைத்தேன். பத்து நிமிடம், பேனாவைத் தாளிலிருந்து எடுக்காமல் எழுத வேண்டும், அவ்வளவுதான். எட்டு வரி எழுதினார். இரவில் அப்பா கதவைப் பூட்டி, பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்ப்பாராம். மூன்றாவது சத்தம் கேட்டால்தான் இவருக்குத் தூக்கம் வருமாம். நான்கு இடத்தில் ஒற்று இல்லை, நான் தொடவில்லை. "அருமை" என்றும் சொல்லவில்லை, அது பேச்சை அங்கேயே முடித்துவிடும். எந்த வரி மனதில் நின்றது என்று மற்றவர்களைக் கேட்டேன். எல்லோரும் அந்த மூன்றாவது சத்தத்தைத்தான் சொன்னார்கள்.

பத்து வயதுக்கும் முப்பதுக்கும் இடைப்பட்ட நினைவுகளே முதுமையில் அதிகம் மேலெழும் என்கிறார்கள் நினைவாற்றல் ஆய்வாளர்கள். சரி, ஆனால் "இளமையைப் பற்றி எழுதுங்கள்" என்றால் பிறந்த ஆண்டில் தொடங்கி அறிவுரையில் போய் நிற்கும். சாவி, பொத்தான், பழைய ரசீது என்று எதையாவது கையில் கொடுத்தால்தான் ஏதோ ஒரு நாள் மட்டும் தனியாக வெளியே வருகிறது.

அப்புறம், ஆங்கில எழுத்தாளர் பெனலபி ஃபிட்ஸ்ஜெரால்டைப் பற்றிச் சுவரில் ஒட்டச் சொன்னீர்கள். 58 வயதில் முதல் நூல், 1979இல் புக்கர் பரிசு, உண்மைதான். அதைப் பார்த்து என் ஆட்கள் மிரளுவார்கள், அதனால் ஒட்டவில்லை.

கேட்பது சின்ன விஷயங்கள். ஒருவர் வாய் ஒருவருக்குத் தெரிகிற மாதிரி ஒரே வட்ட மேசை; காது மந்தமானவர்களுக்கு அது பெரிய உதவி. தாள்களை 18 புள்ளி அளவுள்ள பெரிய எழுத்தில் அச்சடிக்க அனுமதி. மாடி அறைக்குப் பதில் கீழ்த்தள அறை. கடைசியாகச் சொன்னதை இந்த வாரமே செய்தால் நல்லது. படியேற முடியாமல் ஒருவர் இரண்டு வாரமாக வாசலோடு திரும்பிப் போகிறார்.

இப்படிக்கு,
குழுவை நடத்துபவர்