பாலக்கோடு – மாரண்டஹள்ளி ஃபைபர் லைன்: "ட்ரேஸ் நேராக இருக்கிறது" என்று மூடிய புகாரை மீண்டும் திறக்கக் கோரி

அனுப்புநர்
உரிமையாளர், கேபிள் மற்றும் இணையச் சேவை,
மாரண்டஹள்ளி, தருமபுரி மாவட்டம்.

பெறுநர்
மேலாளர், ஃபைபர் பராமரிப்புப் பிரிவு,
தருமபுரி.

ஐயா,

பாலக்கோட்டிலிருந்து மாரண்டஹள்ளி வரை உங்கள் கேபிளில் ஒரு கோர் (ஒரு கண்ணாடி இழை) வாடகைக்கு எடுத்து நான்கு வருடமாக இணையச் சேவை நடத்தி வருகிறேன். அந்த ஒரே இழையை நம்பி 380 வீடுகளும் ஒரு இ-சேவை மையமும் ஒரு பால் சொசைட்டியும் இருக்கின்றன. வாடகையை ஒரு மாதம்கூட நான் தள்ளிப் போட்டதில்லை.

இந்த மாதம் 4ஆம் தேதி காலை லைன் நின்றது. குடிநீர்க் குழாய்க்குத் தோண்டியவர்கள் கேபிளை அறுத்துவிட்டு, மண்ணையும் மூடிவிட்டுப் போயிருந்தார்கள். அதற்கு உங்களைக் குறை சொல்ல முடியாது. அதன் பிறகு நடந்ததற்காகத்தான் இந்தக் கடிதம்.

உங்கள் பொறியாளர் பாலக்கோடு முனையில் ஓடிடிஆர் (இழைக்குள் ஒளியை அனுப்பி, திரும்பி வருவதை வைத்துத் தூரமும் இழப்பும் அளக்கும் கருவி) வைத்துப் பார்த்து, 9.087 கிலோமீட்டரில் கட் என்றார். சரி என்று கூடவே போனேன். பைக் மீட்டரில் 9.1 ஓடியதும் நிறுத்தி, அங்கே பள்ளம் எடுக்கச் சொன்னார். கேபிள் முழுதாக இருந்தது. எழுபது மீட்டர் தள்ளி இன்னொரு பள்ளம். அங்கேயும் அப்படியே. கடைசியில், தக்காளிப் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்த ஒருவர் "பைப்புக்கு அங்கதான் நோண்டினாங்க" என்று கை காட்டினார். முதல் பள்ளத்திலிருந்து ஏறக்குறைய 200 மீட்டர், பாலக்கோடு பக்கமாகவே இருந்தது அறுந்த இடம். ஓடிடிஆர் காட்டுவது இழையின் நீளம். சேம்பருக்குச் சேம்பர் (தரைக்கடிக் கேபிள் தொட்டி) சுற்றி வைத்த உபரி கேபிளும் அதில் சேரும். கேபிளுக்குள் இழை முறுக்கி ஓடுகிற கூடுதலும் சேரும். அதை அப்படியே சாலை தூரமாக எடுத்துக்கொண்டால் அறுந்த இடத்தைத் தாண்டிப் போய்த்தான் தோண்டுவோம். எந்தச் சேம்பரில் எத்தனை மீட்டர் சுருள் என்ற பதிவு உங்களிடம் இருக்க வேண்டும். பொறியாளர் கையில் அது இல்லை.

கருவியின் அமைப்பிலும் பிழை இருந்தது. இழையில் ஒளி எவ்வளவு வேகமாகப் போகிறது என்பதை ஒளிவிலகல் எண்ணை வைத்துத்தான் கருவி கணக்கிடுகிறது. லைனை ஒப்படைக்கும்போது நீங்கள் கொடுத்த தாளில் அது 1.4682. பொறியாளரின் அறிக்கையில் 1.4800. இந்தச் சின்ன வித்தியாசமே அந்தத் தூரத்தில் 73 மீட்டரைக் குறைத்துக் காட்டிவிடும். ஒரு பிழை பின்னால் இழுக்க, இன்னொன்று முன்னால் தள்ள, தோண்டின இடம் எதற்கும் பொருந்தாமல் போனது.

5ஆம் தேதி இரவு ஜாயின்ட் போட்டார்கள், லைன் வந்தது. ஆனால் அன்றிலிருந்து தினமும் பின்னிரவில் லைன் விழுந்து விழுந்து எழுகிறது. புகார் கொடுத்ததும் அதே பொறியாளர் வந்தார், 1310 நானோமீட்டர் அலைநீள ஒளியில் ஒரு ட்ரேஸ் (ஓடிடிஆர் வரையும் இழப்புக் கோடு) எடுத்தார், "கோடு நேரா இருக்கு சார், உங்க எஸ்எஃப்பிதான் போயிருக்கு" என்று சொல்லிப் புகாரை மூடிவிட்டார். எஸ்எஃப்பி என்பது இழையில் ஒளியை அனுப்பி வாங்கும் சின்னக் கருவி. அவரை நம்பி 2,200 ரூபாய்க்குப் புது ஜோடி வாங்கிப் போட்டேன். எதுவும் மாறவில்லை.

நான் ஓட்டுவது ஒரே இழையில் இரண்டு திசையும் போகிற எஸ்எஃப்பி. மாரண்டஹள்ளியிலிருந்து 1310இல் அனுப்புகிறது, பாலக்கோட்டிலிருந்து வருவது 1550இல். கட் ஆவதற்கு முன் வந்து சேர்ந்த ஒளியின் அளவு பாலக்கோட்டில் மைனஸ் 9.5 டிபிஎம் (மைனஸ் எண் பெரிதாக ஆக ஒளி குறைவு), எனக்கு மைனஸ் 7.5. அது முறையான அளவு. 1550இல் இழையின் இழப்பு குறைவு. இப்போது பாலக்கோட்டில் மைனஸ் 10.3, எனக்கு மைனஸ் 19.5. இரவில் மைனஸ் 23 வரை இறங்கி லைன் நின்றுபோகிறது. ஒரே இழை, ஒரே ஜாயின்ட், 1310இல் ஒரு டிபி (ஒளி இழப்பின் அலகு) கூடக் குறையவில்லை, 1550இல் 12 டிபி போயிருக்கிறது. அழுக்குக் கனெக்டரோ கெட்ட ஸ்ப்ளைஸோ (இழை ஒட்டு) இரண்டு அலைநீளத்திலும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான் இழுக்கும். இப்படி நீள அலையை மட்டும் தின்றால் இழை எங்கோ இறுக்கமாக மடங்கிக் கிடக்கிறது என்று அர்த்தம். அதை 1310இல் மட்டும் தேடினால் எப்படி அகப்படும்? ட்ரேஸ் எடுக்கும்போது பக்கத்தில் நின்று "1550லயும் ஒண்ணு போடுங்க" என்று கேட்டேன். தேவையில்லை என்றுவிட்டார். இன்றுவரை மனசு ஆறாதது அதில்தான்.

கிருஷ்ணகிரியில் ஒரு நண்பரிடம் ஓடிடிஆரும் 500 மீட்டர் லாஞ்ச் கேபிளும் (கருவிக்கும் லைனுக்கும் நடுவில் போடும் இழை) இரவல் வாங்கி, இரண்டு முனையிலும் எஸ்எஃப்பியைக் கழற்றிவிட்டு, என் முனையிலிருந்து நானே அளந்தேன். லாஞ்ச் கேபிள் நீளம் போக 5.100 கிலோமீட்டரில் ஒரு படி இறங்குகிறது. 1310இல் 0.8 டிபி, 1550இல் 12 டிபி. பிரதிபலிப்பு இல்லை. மொத்த நீளம் 14.260, ஆகவே உங்கள் முனையிலிருந்து 9.160. நீங்கள் 5ஆம் தேதி போட்ட அதே ஜாயின்ட். ராத்திரி அவசரத்தில் ட்ரேயில் இழையைச் சின்ன வளையமாகச் சுற்றி மூடியிருக்க வேண்டும். உங்கள் அறிக்கையில் பல்ஸ் (ஓடிடிஆர் அனுப்பும் ஒளித் துடிப்பு) 1 மைக்ரோசெகண்ட் என்றிருக்கிறது; அதுவே இழையில் 100 மீட்டரைப் பிடித்துக்கொள்ளும். நான் 100 நானோசெகண்டில் எடுத்தேன், அதாவது 10 மீட்டர். இடம் கூர்மையாகத் தெரிந்தது.

எனக்கு வேண்டியது இதுதான். அந்த ஜாயின்ட் பாக்ஸைத் திறந்து, இழையை 30 மில்லிமீட்டருக்குக் குறையாத ஆரத்தில் சுற்றி மூடுங்கள். அப்புறம் 1310, 1550 இரண்டிலும், இரண்டு முனையிலிருந்தும் அளந்து, எஸ்ஓஆர் (ஓடிடிஆரின் மூல அளவுப் பதிவு) கோப்பாகவே கொடுங்கள். கருவியின் திரையைப் போனில் எடுத்த போட்டோ வேண்டாம். ஒரு முனையிலிருந்து மட்டும் பார்த்தால் ஜாயின்ட் இழப்பு கூட்டியோ குறைத்தோ காட்டும், இரண்டின் சராசரிதான் கணக்கு. ஒப்படைப்புத் தாளில் 1550இல் மொத்த இழப்பு 4.6 டிபி என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு அருகில் வந்தால்தான் கையெழுத்துப் போடுவேன்.

பில்லில் மூன்று பள்ளத்துக்குப் பணம் போட்டிருக்கிறீர்கள். வெறுமனே தோண்டிய இரண்டையும் எடுத்துவிடுங்கள். 4ஆம் தேதியிலிருந்து லைன் முழுதாகச் சரியாகும் நாள்வரை வாடகையைக் கழித்துக்கொள்ளுங்கள். தேவையில்லாமல் வாங்கிய எஸ்எஃப்பிக்கான 2,200 ரூபாயையும் தர வேண்டும். பில் நகல், என் ட்ரேஸ் கோப்புகள், ஒரு வார பவர் அளவுப் பதிவு மூன்றையும் இணைத்திருக்கிறேன். ஜாயின்ட் பாக்ஸைத் திறக்கும்போது நானும் அங்கே இருக்க வேண்டும். எந்த நாள் என்பதை முன்கூட்டிச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உரிமையாளர்,
மாரண்டஹள்ளி.