கசான் பசங்க

மாரி, எப்படிடா இருக்க? முட்டி வலி தேவலையா, பிசியோவுக்கு ஒழுங்கா போறியா? இங்க எல்லாரும் சௌக்கியம். சின்னவன் ஒம்பதாவது போயிட்டான், மீசை அரும்புது, எது கேட்டாலும் ஒத்த வார்த்தைலதான் பதில்.

ஒரு ரஷ்ய சீரியல் பாத்தேன்டா, 'ஸ்லோவோ பட்சனா', 2023ல வந்தது, எட்டே எபிசோடுதான். பாத்ததுலேர்ந்து மனசே சரியில்ல. கதை 1989ல, சோவியத் ரஷ்யாவுல இருந்த கசான்ங்கற ஊர்ல நடக்குது. உங்க வீட்டுக்கு சோவியத் நாடு பத்திரிகை வருமே, அதுல வழவழ பேப்பர்ல செவப்பு ஸ்கார்ஃப் கட்டிட்டு பசங்க சிரிச்சுட்டு நிப்பாங்களே, அதே வயசுப் பசங்கதான், இங்க பனியில ரத்தம் ஒழுக அடிச்சுக்கிறானுங்க.

ஆந்த்ரேய்னு ஒருத்தன், பியானோ கத்துக்கிறவன், வீட்ல அம்மாவும் தங்கச்சியும் மட்டும்தான். தெருவுல எறங்குனாலே அடி, காசப் புடுங்குறது. கூடப் படிக்கிற மராத்துக்கு இங்கிலீஷ் சொல்லிக் குடுக்கப்போயி அவன் மூலமா கேங்ல சேந்துடுறான். ஏன் சேந்தான்னு எனக்கு நல்லாவே புரியுது, அவனுக்கு வேற யாரு இருக்கா சொல்லு? மராத்தோட அண்ணன் வோவா ஆப்கன் போர்லேர்ந்து வந்தவன், பசங்க அவனத்தான் அண்ணாந்து பாக்குறானுங்க.

ஐகுல் விஷயத்ததான் என்னால தாங்கவே முடியலடா. மராத்தோட காதலி அவ. எதிர் கேங்காரனுங்க அந்தப் பொண்ண நாசம் பண்ணிடுறானுங்க, மராத்தோட கேங் அவளுக்காக நிக்கணுமா இல்லையா, ஆனா அவ இனிமே தீண்டத்தகாதவ, அவகூட நின்னா நீயும் வெளியங்கறானுங்க. கடைசில ஜன்னல்லேர்ந்து குதிச்சு செத்தே போயிடுறா. அன்னிக்கி எனக்கு சோறே எறங்கல.

இது சும்மா கட்டுன கதையும் இல்லடா. கசான்ல எழுபதுகள்லயே தெப்லோகன்ட்ரோல் ஃபேக்டரி ஏரியா பசங்க தியாப்-லியாப்னு கேங் வச்சிருந்தாங்க, 1978ல வேற ஏரியாவுக்குள்ள துப்பாக்கியோட புகுந்து சுட்டிருக்காங்க, கேஸ் நடந்து தலைவனுங்களுக்கு தண்டனை குடுத்தும் கேங்குங்க அடங்கல, தெருவுக்குத் தெரு பெருகிடுச்சு. ராபர்ட் கராயெவ்னு ஒருத்தர், சின்ன வயசுல அவரே கேங்ல இருந்தவர், அவர் எழுதுன புக்க வச்சுதான் சீரியலே எடுத்திருக்காங்க.

ரவுடிங்கள ஹீரோவா காட்டுது, தடை பண்ணுங்கன்னு அங்கயே சிலர் கேட்டாங்களாம். நான் ஒத்துக்க மாட்டேன். ஐகுலுக்கு நடந்ததப் பாத்தப்புறமும் ஒரு பையனுக்கு அந்தக் கேங்ல சேர ஆசை வரும்னு எனக்குத் தோணல.

பிள்ளைங்க தூங்குனப்புறம் பாரு, அடிதடி ரொம்ப ஜாஸ்தி. பாத்துட்டு வோவா மேல உனக்குக் கோவம் வருதா பாவமா இருக்கான்னு எழுது, எனக்கு ரெண்டுமே வருது. தங்கச்சிய விசாரிச்சேன்னு சொல்லு.

உன் குமார்