ஞாயிறு காலை தொற்றுத் தடுப்புப் பயிற்சி

எல்லோருக்கும் வணக்கம். பயிற்சி வரும் ஞாயிறு காலை 10 மணிக்கு, நம் பல் கிளினிக்கிலேயே. டாக்டர்கள், உதவியாளர்கள் எல்லோரும் வாருங்கள். கருவி கழுவும் அக்காக்கள் கட்டாயம் வர வேண்டும். பாதிப் பாதுகாப்பு அவர்கள் கையில்தான் இருக்கிறது.

இந்த முறை சலைன் (உப்பு நீர்) பாட்டிலில் இருந்து தொடங்குகிறோம். 2022-23இல் வாணியம்பாடியில் ஒரு பல் கிளினிக்கில் சிகிச்சை பெற்ற 10 பேருக்கு மூளையைத் தாக்கும் மெலியாய்டோசிஸ் என்ற பாக்டீரியா தொற்று வந்தது. 8 பேர் இறந்துவிட்டார்கள். கருவியால் திறந்து, சரியாக மூடாமல், திரும்பத் திரும்பப் பயன்படுத்திய சலைன் வழியாகத்தான் அது பரவியது என்கிறது ஆய்வு. மண்ணிலும் தண்ணீரிலும் வாழும் கிருமிதான் இந்த நோயைத் தருகிறது. அதனால் இன்று முதலே ஒரு நோயாளிக்கு ஒரு பாட்டில்தான். மீதியைக் கொட்டிவிடுங்கள், வீணாகிறதே என்று தயங்க வேண்டாம்.

அப்புறம் ஹேண்ட்பீஸ், அதாவது பல்லைக் குடையும் கைக்கருவி. ஸ்பிரிட்டால் துடைத்தால் போதாது, ஒவ்வொரு நோயாளிக்குப் பிறகும் ஆட்டோகிளேவுக்கு (நீராவியால் கிருமி நீக்கும் இயந்திரம்) போக வேண்டும். எண்ணெய் விடுவது, பையில் போடுவது, அடுக்குவது எல்லாம் செய்தே பார்ப்போம்.

ஹெபடைடிஸ் பி ஊசி 3 டோஸும் போட்டவர்கள் அட்டையைக் கொண்டு வாருங்கள். போடாதவர்கள் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள், ஏற்பாடு செய்கிறேன்.