சேர்த்த சல்லியை அப்படியே வை

அன்பின் மச்சான்,

மூன்று மாதமாகப் பதில் போடாதது தப்புதான். திட்டுவதை நேரில் வரும்போது வைத்துக்கொள். இங்கே எல்லோரும் சுகம். ரேடியோ மாமா இன்னும் அந்த ஏரியலைத் திருப்பிக்கொண்டுதான் இருக்கிறார்.

இப்போது அவசரமாக எழுதுவதற்குக் காரணம் தங்கச்சி சொன்ன சங்கதி. தோட்டத்து மேல் லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) இன்டர்நெட் மந்தம் என்று, வீட்டுக்கு இவ்வளவு என்று சல்லி சேர்த்து, டவுனில் சிக்னலைப் பெருக்கும் பூஸ்டர் வாங்கப் போகிறீர்களாமே! வேண்டாமடா. பூஸ்டர் சிக்னலோடு இரைச்சலையும் சேர்த்துத்தான் பெருக்கும். வெளி அன்டெனாவும் உள் அன்டெனாவும் கிட்டக்கிட்ட இருந்தால் மைக்கை ஸ்பீக்கர் பக்கம் கொண்டுபோனது போல ஊளையிட்டு, டவரையே குழப்பிவிடும். தொலைத்தொடர்பு ஆணைக்குழுவின் அனுமதி இல்லாமல் பூட்டினால் அதுவேறு வம்பு.

முதலில் நோய் எது என்று பார். மூன்று நாளைக்கு, விடியற்காலை 5 மணி, பகல் 12, இரவு 8 என்று வேகத்தை அளந்து ஒரு கொப்பியில் எழுது. காலையில் 20 மெகாபிட் வந்து இரவில் 1 ஆக விழுந்தால் டவரில் கூட்டம். அதற்கு நீ என்ன அன்டெனா பூட்டினாலும் ஆகாது. வேறு கம்பனி சிம்மைப் போட்டுப் பார்ப்பதுதான் வழி. எந்நேரமும் ஒரே மந்தம் என்றால்தான் சிக்னல் குறை.

போனில் தெரியும் கோடுகளை நம்பாதே. 900 மெகாஹெர்ட்ஸ் அலை மலையைச் சுற்றிக்கூட ஓரளவு வரும், கோடு நிறைய காட்டும், ஆனால் அதற்குக் கிடைக்கும் அலைவரிசை அகலம் (ரோட்டின் அகலம் மாதிரி) குறைவு, அதனால் வேகமும் குறைவு. 1800, 2300இல் அகலம் கூட. ஆனால் நடுவில் ஒரு மேடு இருந்தாலே செத்துவிடும். பிரவுசரில் ரவுட்டரின் செட்டிங் பக்கத்தைத் திற (முகவரி பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.8.1). அங்கே ஆர்.எஸ்.ஆர்.பி. (சிக்னலின் பலம்) என்று மைனஸில் ஓர் எண் இருக்கும். மைனஸ் 95க்கு மேலே என்றால் நல்லது, மைனஸ் 110க்குக் கீழே போனால் பாவம். அதைவிட முக்கியம் எஸ்.ஐ.என்.ஆர்., அதாவது இரைச்சலைவிட சிக்னல் எவ்வளவு மேலே நிற்கிறது என்ற எண். அது 13ஐத் தாண்டினால் கொண்டாடு, பூச்சியத்துக்குக் கீழே என்றால் அந்த இடத்தை விட்டு நகர்.

நகர்வது என்றால் வெளியே. தகரக் கூரைக்குக் கீழே, காம்பராவுக்குள் ரவுட்டரை வைத்துவிட்டு வேகம் இல்லை என்று புலம்புகிறவர்களை என்ன செய்வது! பிள்ளைக்காம்பரா (தோட்டத்துப் பிள்ளைக் காப்பகம்) பக்கம் இருக்கும் உயரமான இடத்தில் ஒரு குழாய்க் கம்பம் நட்டு, வெளியில் பூட்டும் ரவுட்டரையே அதன் உச்சியில் ஏற்று. உள்ளே ரவுட்டர், வெளியே அன்டெனா, நடுவில் மெல்லிய கேபிள் என்று மட்டும் போகாதே. ஆர்.ஜி. 58 வயரில் 1800க்கு 10 மீட்டர் போனால் ஏறக்குறைய 8 டெசிபெல் தொலையும். வந்ததில் ஆறில் ஒரு பங்குதான் மிஞ்சும். தடித்த எல்.எம்.ஆர். 400 என்றால் இழப்பு 2 டெசிபெல்தான், ஆனால் விலை உன் தலையைச் சுற்றவைக்கும். ரவுட்டர் மேலே இருந்தால் கீழே வருவது சாதாரண நெட்வொர்க் வயர். 100 மீட்டர் வரை கவலையில்லை, கரண்டும் அதே வயரில் ஏறும். அந்தக் கரண்ட் பெட்டி 24 வோல்ட்டா 48ஆ என்று இரண்டு தரம் பார்த்துப் பூட்டு. மாற்றிப் பூட்டினால் ரவுட்டர் புகைந்துவிடும்.

ரவுட்டரை டவர் பக்கம் திருப்பும்போது கிட்ட இருக்கிற டவரைத் தேடாதே, கண்ணுக்குத் தெரிகிறதைத் தேடு. மேட்டுக்குப் பின்னால் 1 கிலோமீட்டரில் இருப்பதைவிட, பள்ளத்தாக்கைத் தாண்டி 6 கிலோமீட்டரில் தெரிவது மேல். ஒரு தடவைக்கு 10 பாகை மட்டும் திருப்பி, ஒரு நிமிடம் பொறுத்து எஸ்.ஐ.என்.ஆரை எழுதிக்கொள். மாமா மாதிரி ஆட்டிக்கொண்டே இருந்தால் ஒன்றும் பிடிபடாது.

மூடுபனி சிக்னலைத் தின்கிறது என்று உங்கள் பக்கம் சொல்வார்களே, பொய். இந்த அலைகளுக்குப் பனி ஒரு பொருட்டே இல்லை. தின்பது நனைந்த இலை. முன்னால் நிற்கும் சவுக்கு மரத்தைத் தாண்டிக் கம்பம் உயரவேண்டும், வருடா வருடம் மரம் வளர்வதையும் கணக்கில் எடு. வயர் ரவுட்டருக்குள் நுழைவதற்கு முன் கீழே ஒரு வளைவு விட்டால் மழைத்தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். கம்பத்துக்கு எர்த் கம்பி கட்டாயம். ஏப்ரல் இடி உன்னிடம் கேட்டுக்கொண்டு வராது.

ஸ்டார்லிங்க் (செயற்கைக்கோள் இன்டர்நெட்) பற்றிக் கேட்டிருந்தாய். 2025இல் இலங்கைக்கும் வந்துவிட்டது, வேகமும் நல்லதுதான். ஆனால் அதற்கு வானம் திறந்திருக்க வேண்டும், 75 முதல் 100 வாட் வரை இழுக்கும். எந்நேரமும் போட்டுவிட்டால் மாதத்துக்கு 54 முதல் 72 யூனிட். லயத்து பில்லில் யார் கட்டுவது?

எனக்கு உண்மையில் கோபம் வேறு. ஃபைபர் இன்டர்நெட் வயர் பெரிய ரோட்டோடு ஓடுகிறது, தோட்டத்து ரோட்டில் ஏறுவதில்லை. ஏற்றச் சொன்னால் கம்பம் நட தோட்டத்து அனுமதி, வீட்டுக்குச் சொந்த முகவரி என்று கேட்கிறார்கள். லயத்து வீட்டுக்கு ஏது முகவரி? 2020இல் பள்ளிக்கூடம் பூட்டியபோது பிள்ளைகள் போனைத் தூக்கிக்கொண்டு மலையேறியது மறந்தாயா? அதனால் இந்தக் கம்பத்தோடு நின்றுவிடாதே. கொப்பியில் எழுதும் கணக்கை ஒரு மனுவோடு இணைத்துப் பிரதேச சபைக்கும் ஆணைக்குழுவுக்கும் அனுப்பு. வெறும் புலம்பலுக்கு ஒரு பதில், எண்ணுக்கு வேறு பதில்.

இன்னொன்று. வீடுகளுக்குப் பகிர்ந்து மாதக் காசு வாங்கும் எண்ணம் இருந்தால் முதலில் ஆணைக்குழுவிடம் கேள். தொழிலாக இணையம் விற்க உரிமம் வேண்டும். பகிர்ந்தாலும் ஆளுக்கு 2 மெகாபிட் என்று வரம்பு வை, இல்லாவிட்டால் ஒருவன் படம் இறக்க மற்ற எல்லோருக்கும் சூம் வகுப்பு உறைந்துவிடும்.

மூன்று நாள் கணக்கை வட்ஸ்அப்பில் அனுப்பு. சிக்னல் கிடைக்காவிட்டால் தபாலில் போடு.

உன்
மச்சான்