திருப்பணி நிறைவு அறிக்கை: வடக்கு மதில், திருக்குளம், வீதி வடிகால்

பேரன்புடைய உறுப்பினர்களுக்கு வணக்கம்.

2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் சென்னையை ஒட்டி நகர்ந்தபோது நமது திருக்கோயிலில் இடிந்த வடக்கு மதிலும், சேறும் சாக்கடையும் புகுந்த திருக்குளமும், அவற்றோடு சேர்ந்த வீதி வடிகால் முகப்பும் இறையருளாலும் உங்கள் உபயத்தாலும் செப்பனிடப்பட்டு, கடந்த தை மாதத்தில் பணி நிறைவுற்றது என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம். ரூபாய் வாரியான வரவு செலவுப் பட்டியல் தணிக்கையாளர் கையொப்பத்துடன் தனியே இணைக்கப்பட்டுள்ளது. பட்டியலில் எழுத முடியாத ஒன்றை விளக்கவே இந்த அறிக்கை. “அரசு கோடிக்கணக்கில் அறிவிக்கிறது, நாங்களும் வீட்டு வரி கட்டுகிறோம், பிறகு ஏன் இரண்டு முறை ரசீதுப் புத்தகத்தோடு எங்கள் வாசலுக்கு வந்தீர்கள்?” என்று கடந்த பொதுக்குழுவில் உறுப்பினர் ஒருவர் கேட்டார். கேள்வி நியாயமானது. அன்று எங்களிடம் முழுமையான பதில் இல்லை.

மதிலை இடித்த நம் கோயில் அரசமரத்திலிருந்தே தொடங்குகிறோம். 4ஆம் தேதி அதிகாலையில் அது வேரோடு சாய்ந்தபோது, கிளைகள் தெருவை அடைத்துக் கிடந்தன. அடிமரம் மதிலை நொறுக்கி அதன் மேலேயே படுத்திருந்தது. வேர்க்கட்டு கோயில் மண்ணில் நின்றது. ஒரு பெருங்கொம்பு மின்கம்பிகளை இழுத்துக்கொண்டு தொங்கியது. மின்வாரியத்தினர் இணைப்பைத் துண்டித்துக் கம்பிகளை விடுவித்தனர். இயந்திர ரம்பத்தோடு வந்த மாநகராட்சிப் பணிக்குழுவினர், வெளியூர் நகராட்சியிலிருந்து அனுப்பப்பட்டவர்கள், முழங்கால் தண்ணீரில் நின்றபடி கிளைகளைத் துண்டு துண்டாக அறுத்து வண்டியில் ஏற்றினர். மதிலின் வெளிவிளிம்பு வரை வந்ததும் நூல் பிடித்தாற்போல் நிறுத்திவிட்டனர். மடப்பள்ளியில் போட்ட காப்பியைக் குடித்துவிட்டு, “உள்ளே இருக்கறது உங்களோடதுங்க” என்று சொல்லிவிட்டு அடுத்த தெருவுக்குப் போனார்கள். அன்று சிலருக்கு வந்த கோபம் எங்களுக்கும் வந்தது. ஆனால் அவர்கள் செய்தது சரி. அவர்கள் ரம்பம் நின்ற கோடுதான் செலவு பிரியும் கோடும்.

புயல் இரவில் நகரம் செலவழிக்கும் பணம் எங்கிருந்து வருகிறது என்பதை நாங்கள் விசாரித்துத் தெரிந்துகொண்ட அளவில் சொல்கிறோம். மோட்டார்களுக்கு டீசல், வாடகைப் பொக்லைன், லாரி, முகாம்களில் தங்கியவர்களுக்குச் சாப்பாடு ஆகிய எதற்கும் ஒப்பந்தப்புள்ளி கோரிக் காத்திருக்க முடியாது. அதற்காகவே 1998ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு இயற்கைப் பேரிடர்க் காலத்துக்கு விலக்குத் தருகிறது; 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 50ஆம் பிரிவும் அவசரக் கொள்முதலுக்கு வழி செய்கிறது. முதற்செலவை உள்ளாட்சி தன் கையிலிருந்து, அதாவது சொத்து வரி, தொழில் வரி, பத்திரப் பதிவின் மீதான கூடுதல் வரியில் வரும் பங்கு, மாநில நிதிக்குழு மானியம் ஆகியவை சேர்ந்த பொதுப்பணத்திலிருந்து செய்யவேண்டியிருக்கிறது. பின்னால் தகுதியுள்ள செலவுகளுக்கு மாநிலப் பேரிடர் நிவாரண நிதியிலிருந்து ஈடு கேட்கலாம். அந்த நிதியில் தமிழ்நாடு போன்ற மாநிலங்களுக்கு மத்திய அரசு 75 விழுக்காடும் மாநில அரசு 25 விழுக்காடும் செலுத்துகின்றன. அதுவும் போதாத பெரும் பேரிடர் என்றால் தேசியப் பேரிடர் நிவாரண நிதியை நாடலாம்.

இந்த ஏணியில் மேலே போகப் போகப் பணம் பெரிதாகிறது, வருகை தாமதமாகிறது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் அடித்தபோது தமிழக அரசு கேட்ட தொகை 22,573 கோடி ரூபாய். 2017இல் ஒப்புதலானது 264.11 கோடி. மிக்ஜாமுக்கு இடைக்கால நிவாரணமாக மாநிலம் கேட்டது 5,060 கோடி. அந்த டிசம்பரிலேயே வந்த 450 கோடி புதுப்பணம் அன்று. எப்படியும் வரவேண்டிய மாநில நிவாரண நிதியின் இரண்டாம் தவணையைத்தான் முன்கூட்டிக் கொடுத்தார்கள். தேசிய நிதியிலிருந்து 285.54 கோடிக்கு ஒப்புதல் கிடைத்தபோது 2024 ஏப்ரல் ஆகிவிட்டது. அதிலும் மாநில நிதியில் ஏற்கெனவே இருந்த கையிருப்பில் பாதியைக் கழித்துக்கொண்டுதான் மீதியை விடுவிப்பார்கள் என்பது விதி. செய்தித்தாளில் தலைப்பாக வரும் தொகைக்கும் கைக்கு வரும் தொகைக்கும் உள்ள இடைவெளி எங்களுக்கு அப்போதுதான் விளங்கியது. நகரின் வெள்ளத் தணிப்புக்கென ஒதுக்கப்பட்ட 561.29 கோடி ரூபாய் வேறு கணக்கு. அது இனி வரும் வெள்ளத்தைக் குறைக்கும் பணிகளுக்கு, இடிந்ததைக் கட்டுவதற்கு அல்ல.

பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு நியாயவிலைக் கடைகள் வழியே 6,000 ரூபாய் வழங்கப்பட்டது உங்களுக்குத் தெரியும். அந்தப் பணத்திலிருந்தே சில தாள்களை எடுத்து எங்களிடம் நீட்டிய உறுப்பினர்கள் உண்டு. அவர்கள் வீட்டிலும் தண்ணீர் புகுந்திருந்தது என்பதை இங்கே பதிவு செய்யாமல் போனால் இந்த அறிக்கை குறையுடையதாகும்.

நிவாரண நிதியின் விதிப்பட்டியலில் இடிபாடு அகற்றல், தேங்கிய நீரை வெளியேற்றல், சாலை, பாலம், குடிநீர், பள்ளி, ஆரம்ப சுகாதார நிலையம் போன்றவற்றின் உடனடிப் பழுதுபார்ப்பு ஆகியவை இருக்கின்றன. கோயில் மதில் இல்லை. பொது வழிபாட்டுத் தலங்களுக்குச் சொத்து வரி விலக்கு உண்டு என்பதையும் இங்கே நினைவூட்ட வேண்டும். வரி கட்டுவது நாம், கோயில் அன்று. ஆகவே நம் வரிக்கு உரிய சேவை தெருவில் கிடைத்தது, மதிலுக்குள் கிடைக்கவில்லை என்பதில் அநியாயம் எதுவும் இருப்பதாகக் குழு கருதவில்லை.

மதில் திருப்பணிக்கு அறநிலையத்துறையின் அனுமதி பெற்று, உபயதாரர் பணியாகச் செய்தோம். வருவாய் குறைந்த கோயில்களுக்கு உதவும் அத்துறையின் ஆணையர் பொதுநல நிதிக்கு விண்ணப்பிக்கலாம் என்ற யோசனை வந்தது. ஒருகாலப் பூசைக்கே வழியில்லாத கோயில்கள் அந்த வரிசையில் நிற்கும்போது நாமும் போய் நிற்கவேண்டாம் என்று குழு முடிவு செய்தது. அந்த முடிவுக்கு இரண்டு உறுப்பினர்கள் எதிர்ப்புத் தெரிவித்தது நடவடிக்கைக் குறிப்பில் உள்ளது.

இங்கே குழுவின் பிழை ஒன்றையும் ஒப்புக்கொள்கிறோம். பக்தர்கள் நடமாட இடம் வேண்டுமென்ற அவசரத்தில், பொறியாளர் வந்து பார்ப்பதற்கு முன்பே இடிந்த செங்கற்களை அள்ளிவிட்டோம். கைப்பேசியில் எடுத்த நான்கு படங்கள்தான் மிஞ்சின. எவ்வளவு புயலால் விழுந்தது, எவ்வளவு முன்பே பலவீனப்பட்டிருந்தது என்று பிரித்துக் காட்ட முடியாமல் மதிப்பீட்டை இரண்டு முறை எழுத நேர்ந்தது. நின்றிருந்த பகுதியின் அடித்தளத்தைத் தோண்டியபோது அரசவேர் விரல் தடிமனில் செங்கல் இடுக்குகளுக்குள் ஓடியிருந்தது தெரிந்தது. மரத்தைப் புயல் தள்ளியது. மதிலை மரம் பல ஆண்டுகளாகத் தள்ளிக்கொண்டிருந்திருக்கிறது.

பழைய மதில் சுண்ணாம்புக் காரையால் ஆனது. முதலில் அமர்த்திய ஒப்பந்ததாரர் சிமெண்டால் கட்டத் தொடங்கி, முன்பணத்தின் கணக்கை நேராக்காமலே விலகினார். அவர் பெயரைக் குறிப்பிட வேண்டாம் என்பது குழுவின் தீர்மானம். பின்னர் வந்த வயதான கொத்தனார், காரையை நகத்தால் சுரண்டி, நாக்கில் வைத்துப் பார்த்து, “சிமெண்டு இதோட ஒட்டாதுங்க, ரெண்டு மழையில பிரிஞ்சுக்கும்” என்றார். சுண்ணாம்பை ஊறவைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் விட்டு அரைத்துப் பூசியதில் நாளும் கூலியும் கூடின. பட்டியலில் கூலி இனம் மதிப்பீட்டைத் தாண்டியிருப்பதன் காரணம் இதுவே. ஆடியில் வேலை தொடங்கவேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் ஆவணியில் தொடங்கினோம். ஐப்பசி, கார்த்திகை மழையில் பூச்சுவேலை நின்றதும் அதன் விளைவே.

திருக்குளம் தூர்வாரப்பட்டு, படிகள் கழுவப்பட்டு, நீர் மாற்றப்பட்டது. வேலை எளிது, நாற்றம் பெரிது.

இனி இரண்டாம் ரசீதுப் புத்தகம். ஒவ்வொரு முறை தார் போடும்போதும் வடக்கு வீதி உயர்ந்து உயர்ந்து, மழைநீர் வடிகாலின் வாய் குளத்து வரத்துக்காலை விட மேலே போய்விட்டது. அதைத் திருத்தாமல் மதிலை மட்டும் கட்டினால் அடுத்த மழையில் தெருத்தண்ணீர் மறுபடி குளத்துக்கே வரும். ஆனால் வடிகால் நகரத்தின் சொத்து. கோயில் பணத்தைத் தெருவில் போட முடியாது; நகரத்தின் பணத்தைக் கோயிலுக்குள் கொண்டுவர முடியாது. இதற்கு வழியாக அமைந்தது நமக்கு நாமே திட்டம். மக்கள் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு செலுத்தினால் மீதியை அரசு போட்டுப் பொதுச்சொத்தைச் செப்பனிடும். அந்த மூன்றில் ஒரு பங்குக்காகத்தான், திருப்பணிக் கணக்கோடு கலக்காமல், தனி வங்கிக் கணக்கும் தனிப் புத்தகமும் வைத்து உங்களிடம் மறுபடி வந்தோம். இதை வாசலிலேயே விளக்கியிருக்க வேண்டும். நீல அட்டைப் புத்தகம் மதிலுக்கு, பச்சை அட்டை வடிகாலுக்கு என்று வசூலுக்குச் சென்றவர்களுக்கே பாதி நாள் குழப்பமாக இருந்தது.

காப்பீடு செய்திருந்தோமா என்றும் கேட்டிருந்தீர்கள். இல்லை. இப்போது மதில், மடப்பள்ளி, அலுவலக அறை ஆகியவற்றுக்குத் தீ விபத்துக் காப்பீடு, புயல் வெள்ளச் சேதமும் அடங்குமாறு எடுக்கப்பட்டுள்ளது. ஆண்டுக் கட்டணம் இனி கோயிலின் வழக்கமான செலவில் சேரும்.

சாய்ந்த அரசமரம் ஏலம் விடப்பட்டு, தொகை திருக்கோயில் கணக்கில் வரவு வைக்கப்பட்டது. நீலப் புத்தகத்தில் மிஞ்சிய சிறுதொகை, புதிய அரசங்கன்றுக்கு மதிலிலிருந்து இருபது அடி தள்ளி மேடை கட்ட ஒதுக்கப்பட்டுள்ளது. பச்சைப் புத்தகத்தில் மீதி இல்லை. இரு கணக்குகளின் ரசீது அடிக்கட்டைகளும் பற்றுச்சீட்டுகளும் வரும் பௌர்ணமி வரை மாலை 5 மணி முதல் 7 மணி வரை அலுவலக அறையில் பார்வைக்கு வைக்கப்பட்டிருக்கும்.

இங்ஙனம்,
திருப்பணிக் குழுவினர்