செயலாளர் ஆண்டறிக்கை: துரும்பன் பூனையும் நம் புதர்க்காடும்

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் படிப்பார். மாதக் கூட்டங்கள் நடந்தன. அடைமழையில் ஒன்று மட்டும் தள்ளிப்போனது. மற்றபடி இந்த ஆண்டு முழுக்க நமக்குத் துரும்பன் பூனை நினைப்புதான்.

உடம்பில் துரு நிறப் புள்ளிகள் கொண்ட இந்தப் பூனைக்கு 1831இல் அறிவியல் பெயர் வைத்தவர் பிரெஞ்சு விலங்கியலாளர் இசிடோர் ஜொஃப்ருவா செந்திலேர். அவர் பார்த்தது புதுச்சேரியிலிருந்து போன பூனையை. நம் ஊர்க்காரர்களுக்கே இது தெரியவில்லையே என்பது என் பெரிய ஆதங்கம்.

வளர்ந்த பூனையே ஒன்றரைக் கிலோ அளவுதான். இந்தியா, இலங்கை, நேபாளம் தவிர வேறெங்கும் கிடையாது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2016இல் இதை அழிவின் விளிம்பை நெருங்கிவரும் இனமாகப் பட்டியலிட்டது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தின் அதிகப் பாதுகாப்பு தரும் முதல் அட்டவணையிலும் இருக்கிறது. ஆனால் சட்டம் இருந்து என்ன, ஒளிய இடம் வேண்டுமே! முட்புதர், பாறை இடுக்கு, இலையுதிர் காடு என்று வாழும். பாழடைந்த வீட்டுப் பரணில்கூடக் குட்டி போடும். எலி, பல்லி, சிறு பறவை கிடைத்தால் போதும். அந்தப் புதரைத்தான் நாம் அழிக்கிறோம். மிச்சத்துக்குத் தெருநாய் தொல்லை, வீட்டுப் பூனையோடு இனக்கலப்பு ஆகுமோ என்ற அச்சம்.

புதுச்சேரிக்குப் பக்கத்தில் புத்துப்பட்டு ஐயனார் கோயில் காட்டுக்குப் போனோம். வீரை மரமும் காசா மரமும் பின்னிக் கிடக்கும் நிழலுக்குள் நுழைந்ததும் வெயில் சட்டென்று அடங்கியது. பூனையைப் பார்க்கவில்லை. ஆனால் பழைய உலர் பசுமைமாறாக் காட்டில் (வறண்ட காலத்திலும் பச்சை மாறாத காடு) மிஞ்சியிருப்பது இப்படிப்பட்ட துண்டுகள்தான். வேறோர் ஊரில் கோயில் காட்டைச் சுத்தம் செய்கிறோம் என்று அடிப்புதரை மழித்துச் சிமெண்ட் தரை போட்டிருந்தார்கள். மனசு கேட்கவில்லை, பேசிவிட்டு வந்தோம்.

அப்புறம், கரும்பு வெட்டின்போது பாகூர் பக்கமிருந்து போன் வந்தது. காய்ந்த கரும்புச் சோகைக்குள் இரண்டு குட்டிகள், கண் இப்போதுதான் திறந்திருந்தது, முதுகில் மங்கலான கோடுகள். துரும்பனோ என்று ஓடினோம். வால் வளையங்களைப் பார்த்த வனத்துறைக்காரர், இது காட்டுப்பூனை என்ற வேறு இனம் என்றார். எதுவானால் என்ன, தாய் வரவேண்டும். அந்த ஒரு கரும்பு வரிசையை மட்டும் வெட்டாமல் விடச் சொன்னோம். “வச்சுக்கோங்க சார், ஒரு ராத்திரிதானே” என்றார் மேஸ்திரி. விடிந்து பார்த்தால் குட்டிகள் இல்லை. ஈர மண்ணில் பெரிய பூனையின் தடம் மட்டும் வரப்பு வரை போயிருந்தது.

வரும் ஆண்டு வெட்டு தொடங்குமுன்பே கரும்பு ஊர்களுக்குப் போய் மேஸ்திரிகளிடம் பேசச் செயற்குழு முடிவு செய்துள்ளது. அறிக்கையை ஏற்றுக்கொள்ள வேண்டுகிறேன்.

செயலாளர்